கறுப்பு அலகுக் கிளி: மொரிஷியஸ் காட்டுக்கு ஒரு முகம் தேடுபவர்களுக்கு

மொரிஷியஸில் நல்ல நிலையில் மிஞ்சியிருக்கும் இயற்கைக் காடு இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. அதற்காக ஊரைத் திரட்ட "பல்லுயிர்" என்ற சொல் போதாது. மனதில் நிற்கும் ஒரு முகம் வேண்டும். கோவில் சபையோ தமிழ் வகுப்போ இதில் இறங்கினால் எங்கள் பரிந்துரை எக்கோ கிளி, இங்கே பேசும் கிரியோல் மொழியில் காத்தோ வேர். உலகில் இந்தத் தீவில் மட்டும் வாழும் கிளி. 1980களில் பத்துப் பன்னிரண்டு என்ற அளவுக்குச் சுருங்கி, கூண்டில் வளர்த்துக் காட்டில் விட்டதாலும் கூட்டுப் பெட்டிகளாலும் மீண்டது. ஆண்டாளையும் மீனாட்சியையும் கும்பிடும் வீட்டில் கிளியை அறிமுகம் செய்யவே வேண்டாம்.

டோடோவை விட்டுவிடுங்கள். 17ஆம் நூற்றாண்டிலேயே அழிந்துபோன பறவைக்காக இன்று யாரும் எதுவும் செய்ய முடியாது. முருகனுக்கு வாகனமானாலும் மயில் இந்தத் தீவுப் பறவையல்ல. பழ வௌவால் காட்டு மரங்களின் விதையைச் சுமந்து பரப்பும் உழைப்பாளி. ஆனால் லிச்சி மரம் உள்ள வீட்டில் அதன் படத்தோடு போனால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். மரத்துக்கு வலை போட உதவ முடிந்தால் மட்டும் அதை எடுங்கள்.

பெரும்பாலோர் தவறுவது படத்தில்தான். கோவில் சுவரில் நாம் பார்த்துப் பழகிய கிளி, நீள வாலும் சிவப்பு அலகும் கொண்டது. அதே இனம் 19ஆம் நூற்றாண்டில் மொரிஷியஸுக்குக் கொண்டுவரப்பட்டு இன்று ஊரெங்கும் பறக்கிறது. மரப்பொந்துக்காக எக்கோ கிளியோடு போட்டியிடுவதும் அதுதான். பழக்கத்தில் அதை வரைந்துவிட்டால், காப்பாற்ற வேண்டிய பறவையின் போட்டியாளருக்கே சுவரொட்டி அடித்ததாகும். "கிளிதான் எங்கள் தோட்டத்தில் கூட்டமாக இருக்கிறதே" என்று பார்ப்பவர்களும் நகர்ந்துவிடுவார்கள்.

ஆகவே பெண் எக்கோ கிளியை வரையுங்கள். மேல் அலகும் கீழ் அலகும் கறுப்பு. ஊர்க்கிளியில் ஆண், பெண் இரண்டுக்குமே மேல் அலகு சிவப்பு. எக்கோ கிளிக்கு உடல் பருமன், வால் குட்டை, பச்சை கொஞ்சம் அடர்த்தி. தலை தாளின் பாதியை நிரப்பட்டும். அலகு தூரத்திலிருந்தே தெரிய வேண்டும். வரைபவருக்கு எக்கோ கிளியின் புகைப்படத்தையே கொடுங்கள். நினைவிலிருந்து வரைந்தால் கை தானாகக் கோவில் கிளிக்குத்தான் போகும்.

துண்டுச்சீட்டில் அம்மன் படம் வேண்டாம். காவடி நாளில் சீட்டுகள் காலடியில் கிடக்கும். மிதிபட்டால் மனம் புண்படும், பழி கிளிமேல் விழும். கிளி மட்டும் தாளில் இருக்கட்டும், அம்மன் தொடர்பைக் குருக்களோ ஆசிரியரோ வாயால் சொல்லட்டும். தலைப்பு தமிழிலும் விவரம் கிரியோலிலும் இருந்தால் தாத்தாவும் பேரனும் சேர்ந்து படிப்பார்கள்.

அச்சடிக்குமுன் இருபது பேரிடம் காட்டி இரண்டே கேள்வி கேளுங்கள்: இது எந்தப் பறவை? உங்களை என்ன செய்யச் சொல்கிறது? ஐந்து பேருக்கு மேல் "நம்ம ஊர்க் கிளி" என்றால் அலகை இன்னும் பெரிதாக்கி மறுபடி வரையுங்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் வராவிட்டால் குறை வாசகத்தில் இருக்கிறது.

அந்த வாசகம் ஒரே ஒரு வேலையைக் கேட்க வேண்டும். நாங்கள் சொல்வது சீனக் கொய்யாவைக் களையெடுப்பது. காட்டில் அது அடர்ந்து மண்டி, கிளிக்கு உணவும் பொந்தும் தரும் மரங்களின் கன்றுகளை எழவிடுவதில்லை. பழத்தைப் பழிக்காதீர்கள், பறித்துத் தின்பது இங்கே எல்லோருக்கும் பிடித்த விஷயம். "பழத்தைத் தின்னுங்கள், செடியை வளர்க்காதீர்கள், களையெடுக்க வாருங்கள்" என்றால் போதும். தேசியப் பூங்காவுக்குள் களையெடுக்க முன் அனுமதி வாங்குங்கள். கன்றுகளை வேரோடு பிடுங்க வேண்டும். வெட்டிவிட்டால் அடியிலிருந்து மீண்டும் துளிர்க்கும். அதனால் அதே ஆட்களை அடுத்தடுத்த பருவங்களிலும் அழைக்க வேண்டியிருக்கும். எத்தனை சீட்டு கொடுத்தோம் என்பதை விட்டு, இரண்டாவது முறையும் வந்தவர்கள் எத்தனை பேர் என்று எழுதி வையுங்கள்.