வெள்ளத்தில் ஜாமான அம்பாசடர் இன்ஜினை வீட்டிலேயே பிரிக்க

2023 டிசம்பர் 17, 18-ல் தாமிரபரணி வெள்ளம் திருநெல்வேலி சிந்துபூந்துறைக்குள் வந்தபோது அப்பாவின் 1974 மார்க் 2 அம்பாசடர் பானட் வரை முங்கியது. வீட்டில் சகதி அள்ளி முடிக்கவே பொங்கல் வந்துவிட்டது, வண்டியை யார் பார்த்தார்கள்? ஏழு மாதம் கழித்து இன்ஜினைக் கையால் சுற்றும் ஹேண்டிலை முன்பக்கம் போட்டுச் சுற்றினால் இம்மியும் அசையவில்லை.

உடனே ஸ்பேனரை எடுக்காதீர்கள். இந்த வண்டிகளில் ஸ்டார்ட்டர் பல் ஃப்ளைவீல் பல்லில் மாட்டிக்கொண்டாலும் இன்ஜின் ஜாம் ஆன மாதிரியே இருக்கும். ஸ்டார்ட்டர் ஷாஃப்டின் சதுர முனையை ஸ்பேனரால் திருப்பிப் பாருங்கள். கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். எனக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

பாட்டரியைக் கழற்றி, பெட்ரோலை வடித்து, சம்பு (இன்ஜின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) பிளக்கைத் திறந்தேன். முதலில் தண்ணீர், பிறகு டீக்கடை டீ நிறத்தில் ஆயில். நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, டீசலும் ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) ஆயிலும் சரிபாதி கலந்து ஒவ்வொரு ஓட்டையிலும் ஊற்றினேன். மூன்றாம் நாளே நீளப் பைப்பைக் கோத்து முறுக்கப் போனேன். பேட்டையில் லேத் வைத்திருக்கும் அண்ணாச்சி தடுத்துவிட்டார்: "அடிக்காதீரும், முறுக்காதீரும் வே. ஊறட்டும்." இரண்டு வாரம் ஊறியது. தினமும் கொஞ்சம் ஊற்றி, ஹேண்டிலை முன்னும் பின்னும் லேசாக ஆட்டினேன். அசையவில்லை.

சரி, சிலிண்டர்களின் மேல் மூடியான ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான். இது பிரிட்டிஷ் பிஎம்சி வடிவமைப்பு, 1489 சிசி. நட்டெல்லாம் அங்குலக் கணக்கு. மில்லிமீட்டர் ஸ்பேனர் போட்டால் முனை மழுங்கிவிடும். வால்வுகளை அழுத்தும் ராக்கர் ஷாஃப்டைப் பிடிக்கும் நட்டுகளில் சில ஹெட் நட்டுகளும்தான்; அவற்றைத் தளர்த்தினாலே தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கலாம். அதனால் ரேடியேட்டர் தண்ணீரை முன்பே வடித்துவிடுங்கள். ராக்கரைத் தள்ளும் எட்டு புஷ் ராடுகளையும் அதே வரிசையில் வைக்க ஓர் அல்வா டப்பா மூடியில் எட்டு ஓட்டை போட்டுக் குத்தி வைத்தேன். ஹெட் ஒட்டிக்கொண்டிருந்தால் இடுக்கில் ஸ்க்ரூ டிரைவரைச் செருகாதீர்கள், பக்கவாட்டில் மரக்கட்டை வைத்துத் தட்டினால் போதும்.

தூக்கிப் பார்த்தால் மூன்றாவது சிலிண்டரில் செம்மண் கரைத்த மாதிரி துரு. வால்வு திறந்து நின்ற சிலிண்டர் அது. தண்ணீர் அந்த வழியாகவே போயிருக்கிறது. பிஸ்டன் வெளியே வரப்போவது மேல்வழியாக. ஆகவே மேலே உள்ள துருவை எமரி தாளால் ஆயில் தொட்டுத் துடைத்து எடுத்த பிறகுதான் மற்ற வேலை. இதில் அரை நாள் போனாலும் போகட்டும்.

அடுத்து, சிலிண்டர் துளையின் (போர்) அளவு 73 மில்லிமீட்டர் என்பதால் கருவேலங்கட்டையை 70-க்குக் கடைந்து வாங்கினேன். பிஸ்டன் பாதி உயரத்தில் நின்றால் மட்டும் அதன்மேல் கட்டையை வைத்துத் தட்டுங்கள். உச்சியிலோ அடியிலோ நின்றால் பிஸ்டன்கள் சுற்றும் கிராங்க் தண்டு சுற்றாது, அடியெல்லாம் பேரிங்குக்குத்தான் போகும். என்னுடையது நடுவில்தான் நின்றது. பத்துப் பதினைந்து தட்டில் 'டக்' என்று ஒரு சத்தம், கிராங்க் நூலளவு நகர்ந்தது. அப்புறம் முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டி முழுச்சுற்று சுற்றியது.

இன்ஜினை இறக்கச் செயின் பிளாக்கை வாடகைக்கு எடுத்தேன். வேப்பமரக் கிளையை நம்பாதீர்கள். சம்பைக் கழற்றியதும் பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு மூடிகளில் சென்டர் பஞ்ச் உளியால் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி என்று குறியுங்கள், மாறினால் பேரிங் போச்சு. சிலிண்டர் விளிம்பில் தேய்மானம் விட்ட மேட்டைச் சுரண்டிவிட்டு, பிஸ்டனை மேலே தள்ளுங்கள்.

பிளாக் இப்போது பேட்டை லேத்தில். துரு தின்ற குழி 20 ஓவர்சைஸில் (துளையை அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்கு பெரிதாக்குவது) போகாதாம், 40 போட வேண்டுமாம். பிஸ்டன் செட் கைக்கு வராமல் துளையைப் பெரிதாக்கமாட்டேன் என்று அண்ணாச்சி கறாராகச் சொல்லிவிட்டார். நான் 40 செட்டைத் தேடி அலைந்துகொண்டிருக்கிறேன்.