டிஸ்க் மாற்றியதும் காப்பி வேகம் குறைந்ததா? கேபிளைப் பாருங்கள்

வீட்டு ஸ்டோரேஜ் சர்வரில் டிஸ்க் மாற்றிய பிறகு, காப்பி வேகம் நொடிக்கு 11, 12 மெகாபைட்டிலேயே நின்றால் புது டிஸ்க்கைக் கழற்றாதீர்கள். முதலில் நெட்வொர்க் கேபிளை மாற்றுங்கள்.

கிகாபிட் (நொடிக்கு 1000 மெகாபிட்) இணைப்புக்குக் கேபிளின் 4 ஜோடிக் கம்பிகளும் வேண்டும். பெட்டியை இழுத்துத் தள்ளும்போது ஒரு ஜோடி விட்டுப்போனால், இணைப்பு பெரும்பாலும் சத்தமில்லாமல் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். அதற்கு 2 ஜோடி போதும். 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட்; 100ஐ 8ஆல் வகுத்தால் 12.5 மெகாபைட், அதில் கொஞ்சம் கழிவு போக மிஞ்சுவதுதான் அந்த 11, 12. டிஸ்க் கோளாறு இவ்வளவு கச்சிதமாக ஒரே எண்ணில் நிற்காது. சர்வரின் நெட்வொர்க் அமைப்புப் பக்கத்தில் 1000க்குப் பதில் 100 என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் மாதிரிக் கடலோர ஊரில் ஈரக்காற்றில் பிளக் முனை கறுத்திருக்கவும் கூடும், அதையும் பாருங்கள். சில ரேண்டில் முடிகிற வேலைக்கு ஏன் இன்னொரு டிஸ்க்?

ஆனால் வைஃபையில் காப்பி செய்தாலோ, ரெய்டு மறுகட்டமைப்பு (பல டிஸ்க்குகள் சேர்ந்த தொகுப்பில், புது டிஸ்க்குக்கு உரிய தரவை சர்வர் மீண்டும் எழுதுவது) ஓடிக்கொண்டிருந்தாலோ இந்தக் கணக்கு செல்லாது. காவடித் திருவிழாப் படங்கள் மாதிரி ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்களும் எப்படியும் மெதுவாகத்தான் போகும். ஒரே பெரிய வீடியோவை அனுப்பிச் சோதியுங்கள். ரவுட்டர் போர்ட்டே 100 மெகாபிட் என்றால், சரி, கேபிள் மாற்றிப் பயனில்லை.