முழு அளவு 9 மி.மீ. பிஸ்டல் வாங்கலாமா? முதல்முறை யோசிப்பவருக்கு

போன பெரும்போகத்தில் ஒரே கிழமைக்குள் இரண்டு பேர் என்னிடம் ஒரே விஷயத்தைக் கேட்டார்கள். ஒருவர் மட்டக்களப்பு வெல்லாவெளிப் பக்கம் வயல் வட்டை செய்கிற சிநேகிதர். "யானை வேலியை முறிச்சுப்போட்டு வந்து நிக்குது மச்சான், ஒரு நல்ல பிஸ்டல் எடுத்து வாடியில வைப்பமா?" மற்றவன் அமெரிக்காவில் ஹூஸ்டனில் இருக்கிற என் அக்கா மகன். "மாமா, ஒரு நைன் எம்எம் வாங்குவம் எண்டு பாக்கிறன். பெரிசு எடுக்கவா, சின்னது எடுக்கவா?"

நான் இருபது வருடத்துக்கு மேல் பொலிஸ் வேலை பார்த்துவிட்டு, இப்போது களுவாஞ்சிகுடியில் கோழி வளர்த்துக்கொண்டு இருப்பவன். இடுப்பில் பிஸ்டலோடு திரிந்தவன் என்பதால் எனக்கு எல்லாம் தெரியும் என்று இருவரும் நினைக்கிறார்கள். சிநேகிதருக்கு இரண்டு நிமிடத்தில் "வேண்டாம்" சொல்லிவிட்டேன். மருமகனுக்கு இரண்டு மாதம் எடுத்தது. அந்த இரண்டு மாதம் பேசியதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். சுடுவது எப்படி என்ற பாடம் இதில் இல்லை.

படி 1: எதற்கு என்று ஒரு வரியில் எழுதுங்கள்

"பாதுகாப்புக்கு" என்று எழுதினால் அது பதில் இல்லை. யாரிடமிருந்து, எந்த இடத்தில், எந்த நேரத்தில் என்று வர வேண்டும். இரவில் வீட்டில் வைக்கவா? நாள் முழுக்க உடுப்புக்குள் மறைத்துக் கொண்டு திரியவா? இலக்குப் பார்த்துச் சுடுகிற விளையாட்டுக்கா? மூன்றுக்கும் மூன்று வேறு பதில்.

யானைக்கு என்றால் இந்த இடத்திலேயே நிறுத்துங்கள். 9 மி.மீ. ரவையின் ஈயம் ஏறக்குறைய 8 கிராம். குழலை விட்டு வெளியேறும்போது அதன் சக்தி சுமார் 500 ஜூல். ஆபிரிக்காவில் யானை வேட்டைக்கு எடுத்துப்போகிற 375 ரகத் துவக்கின் ரவை 5,500 ஜூலுக்கு மேல் தரும். நாலு தொன் கொம்பனுக்கு பிஸ்டல் சூடு நோவையும் கோபத்தையும்தான் கொடுக்கும். அந்தக் கோபம் வந்து இறங்குவது உங்கள் வாடியில். சட்டமும் யானையின் பக்கம். சத்தத்தால் விரட்டுகிற யானை வெடியும் ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிற மின்வேலியும்தான் வழி. காட்டுப்பன்றி என்றால் அதற்குரியது கச்சேரி (மாவட்டச் செயலகம்) மூலம் அனுமதி எடுக்கிற பன்னிரண்டு போர் (12 bore) துவக்கு. இடியன் துவக்கு (ஊரில் செய்கிற நாட்டுத் துவக்கு), கட்டுத்துவக்கு (மிருகம் வருகிற வழியில் கட்டிவைக்கிற பொறித் துவக்கு) என்று யாராவது யோசனை சொன்னால் காதில் போடாதீர்கள். அவற்றில் கால் போனவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன கை இது.

படி 2: நிற்கிற மண்ணின் சட்டத்தைப் பாருங்கள்

இங்கே இலங்கையில் 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம்தான், திருத்தங்களோடு, இன்றைக்கும் நடக்கிறது. பயிர்ப் பாதுகாப்புத் துவக்குக்கு அனுமதி தருபவர் மாவட்டச் செயலாளர். பிஸ்டல், றிவோல்வர் என்றால் பாதுகாப்பு அமைச்சு. அனுமதிப்பத்திரத்தை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். 2024 அக்டோபரில், தற்பாதுகாப்புக்கென்று பொதுமக்களுக்குக் கொடுத்த துவக்குகளை எல்லாம் நவம்பர் 7க்கு முன் கொண்டுவந்து ஒப்படைக்கும்படி அமைச்சு அறிவித்தது. யாருக்கு உண்மையில் தேவை என்று பார்த்துத்தான் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னார்கள். கையில் இருந்தவர்களுக்கே அப்படி என்றால், புதிதாக ஒன்று கேட்பவர் என்ன எதிர்பார்க்கலாம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

வெளிநாட்டில் இருக்கிற நம்மட ஆட்களுக்கு: லண்டனில் இருந்தால் பேச்சே இல்லை, 1997இலேயே கைத்துப்பாக்கியைத் தடை செய்துவிட்டார்கள். கனடாவில் 2022 அக்டோபர் 21 முதல் சாதாரண ஆள் கைத்துப்பாக்கி வாங்குவதும் விற்பதும் முடக்கப்பட்டிருக்கிறது. மிச்சம் அமெரிக்கா. அங்கே உரிமம் உள்ள கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆக வேண்டும். 4473 என்ற படிவம் நிரப்ப வேண்டும். பின்னணிச் சோதனை நடக்கும். பலருக்குத் தெரியாத ஒன்று: மாணவர் விசா, வேலை விசா போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர், செல்லுபடியான வேட்டை அனுமதி போன்ற சில விதிவிலக்குகள் தவிர, துவக்கு வைத்திருப்பதே குற்றம். கிறீன் கார்ட் கிடைத்தவருக்கு அந்தத் தடை இல்லை. விசாவில் நிற்கிற நண்பன் "உன்ட பேரில ஒண்டு எடுத்துத் தா" என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். மற்றவருக்காகப் படிவத்தில் பொய் எழுதுவது சிறைக்குப் போகிற வேலை. ஊருக்கு வரும்போது பையில் ஒரு ரவை மறந்து கிடந்தாலும் விமான நிலையத்தில் உங்கள் விடுமுறை முடிந்துவிடும்.

படி 3: "முழு அளவு" என்றால் என்ன?

இந்த ரவையை 9×19 என்றும் எழுதுவார்கள். 9 மி.மீ. என்பது ரவையின் விட்டம். 19 மி.மீ. கோதின் நீளம். ஜெர்மனியில் கேயோர்க் லூகர் 1900களின் தொடக்கத்தில் வடிவமைத்த அதே ரவைதான் இன்றும் உலகத்தில் பெரும்பாலான பொலிஸ், இராணுவத்தின் இடுப்பில் இருக்கிறது. அதனால் எந்தக் கடையிலும் கிடைக்கும், விலையும் ஒப்பீட்டளவில் குறைவு.

முழு அளவுக்கு உதாரணம் கிளொக் 17. 1982இல் ஒஸ்திரிய இராணுவம் ஏற்றுக்கொண்டது. குழல் 114 மி.மீ., மகசினில் (ரவைகளை அடுக்கிப் பிடிக்குள் செருகுகிற பெட்டி) 17 ரவை, வெறுமையாக 630 கிராம் மட்டில். நிரப்பினால் 900ஐத் தாண்டும். அமெரிக்க இராணுவம் 1985இல் எடுத்த பெரெட்டா 92 இன்னும் கனம்: குழல் 125 மி.மீ., வெறுமையாகவே ஏறக்குறைய 950 கிராம். இவற்றுக்குப் பக்கத்தில் கிளொக் 43ஐ வைத்தால் பொம்மை மாதிரி இருக்கும்: 86 மி.மீ. குழல், ஆறு ரவை.

புதியவர் எல்லோரும் செய்கிற பிழை இங்கேதான். சின்னது சுடச் சுலபம் என்று நினைக்கிறார்கள். கதை தலைகீழ். ஒரே ரவையை இலேசான பிஸ்டலில் போட்டால் உதைப்பு முழுதும் உங்கள் மணிக்கட்டில் இறங்கும். பாரமான பிஸ்டல் அந்த உதைப்பில் ஒரு பங்கைத் தானே வாங்கிக்கொள்ளும். பிஸ்டலின் மேலே இலக்குப் பார்க்க இருக்கிற முன் குறிக்கும் பின் குறிக்கும் இடையிலான தூரம் கூடினால், கண் பிழை விடுவது குறையும். பிடியில் சுண்டுவிரல் உட்பட எல்லா விரலும் இருக்கும். ஆகவே வீட்டுக்கும் பயிற்சிக்கும் என்றால் பெரியதுதான் நல்லது. உடுப்புக்குள் மறைத்துத் திரிய என்றால் அதே பெரியது உபத்திரவம். நம்ப முடியாவிட்டால் ஒரு கிலோ சீனிப் பக்கெட்டை இடுப்புப் பட்டியில் கட்டிக்கொண்டு ஒரு நாள் முழுக்க இருந்து, எழும்பி, கார் ஓட்டிப் பாருங்கள். நான் உத்தியோகத்தில் இருந்த காலத்தில் பின்னேரம் ஆனால் வலது இடுப்பு தனியாக நோகும்.

படி 4: கடையில் கையில் எடுத்துப் பாருங்கள்

கடைக்காரர் தந்ததும், அவரே வெறுமை என்று காட்டியிருந்தாலும், நீங்களும் பாருங்கள். ஒழுங்கு முக்கியம். குழல்வாய் ஆளில்லாத பக்கம். விரல் விசைக்கு வெளியே. முதலில் மகசினைக் கழற்றுங்கள். பிறகு மேலே இருக்கிற ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தி, சேம்பருக்குள் (வெடிக்கப்போகிற ரவை நிற்கிற அறை) கண்ணால் பார்த்து, சுண்டுவிரலாலும் தடவுங்கள்.

இந்த ஒழுங்கை மாற்றினால் என்ன நடக்கும் என்று நான் நேரில் கண்டிருக்கிறேன். கடமை முடிந்து வந்த ஒருவர் முதலில் ஸ்லைடை இழுத்தார், ஒரு ரவை வெளியே குதித்தது. அப்புறம் மகசினைக் கழற்றினார். வெறுமை என்ற நம்பிக்கையில் மணல் பீப்பாவைப் பார்த்து விசையை அமத்தினார். வெடித்தது. ஸ்லைட் திரும்பி முன்னுக்குப் போகும்போது மகசினிலிருந்து அடுத்த ரவையைக் கொண்டுபோய் உள்ளே வைத்துவிட்டது. பீப்பாவுக்குள் மணல் இருந்ததால் அவர் ஓய்வூதியம் எடுக்கிறார்.

சரி, வெறுமை என்று உறுதி. இப்போது கை பிடியின் உச்சிவரை ஏறட்டும். விசையில் சுட்டுவிரலின் முதல் மூட்டுக்கு முன்னால் உள்ள சதை படிகிறதா? எட்ட முடியாமல் கையைத் திருப்பிப் பிடிக்க வேண்டியிருந்தால் அந்தப் பிஸ்டல் உங்கள் கைக்கு இல்லை. கையை நீட்டி ஒரு நிமிடம் பிடியுங்கள், குறி நடுங்குகிறதா என்று பாருங்கள். ஸ்லைடைப் பத்துத் தடவை இழுங்கள். பெரெட்டாவில் முதல் சூட்டுக்கு விசை நீளமாகவும் இறுக்கமாகவும் இருக்கும், அடுத்தது இலேசு. புதியவருக்கு அந்த மாற்றம் பழக நாள் எடுக்கும். கிளொக்கில் எல்லாச் சூடும் ஒரே மாதிரி, ஆனால் பெருவிரலால் போடுகிற பூட்டு இல்லை. உங்கள் விரல் ஒழுக்கம்தான் பூட்டு.

படி 5: இரவில் அது எங்கே கிடக்கும்?

மருமகனுக்கு நாலு வயது மகள். இந்தப் படியில்தான் நாங்கள் ஒரு மாதம் நின்றோம். "அலுமாரிக்கு மேல வைப்பன் மாமா" என்றான். அலுமாரிக்கு மேல் இருந்த முறுக்கு டின்னை நீ எத்தனை வயதில் எடுத்தாய் மனே என்று கேட்டேன். பேச்சில்லை. இரும்புப் பெட்டி, சுவரோடோ நிலத்தோடோ பூட்டியது. அதன் விலையையும் பிஸ்டல் விலையோடு சேர்த்துத்தான் எண்ண வேண்டும்.

அடுத்தது சுவர். நம்மட ஊர்க் கல்வீட்டுச் சுவர் வேறு. அமெரிக்க வீட்டில் அறைக்கு அறை நடுவே இருப்பது பலகைச் சட்டத்தில் அடித்த ஜிப்சம் அட்டை. செக்கனுக்கு 350 மீற்றர் வேகத்தில் போகிற ரவை அதில் நிற்காது. தவறிய சூடு பிள்ளையின் அறைக்குள் போகும். எந்தச் சுவருக்குப் பின்னால் யார் படுக்கிறார்கள் என்று வீட்டின் படம் ஒன்று கீறச் சொன்னேன். அவன் கீறியதைப் பார்த்த மனைவி, தனக்கு இது வேண்டாம் என்று முதல்தடவை வாய்திறந்து சொன்னாள். வீட்டில் ஒருவர் சம்மதமில்லை என்றால் அடுத்த படிக்குப் போகாதீர்கள். பேசி முடியுங்கள், எத்தனை மாதம் ஆனாலும்.

படி 6: செலவு

மாதம் 100 ரவை சுட்டால்தான் கை மறக்காது. வருடத்துக்கு 1,200. ஒரு ரவை 25 முதல் 30 அமெரிக்கச் சதம் என்று வைத்துக்கொண்டால் 300 முதல் 360 டொலர். அதோடு பெட்டி, காதுமூடி, கண்ணாடி, பயிற்சிக் கட்டணம், எண்ணெய். இதற்குக் கை வராவிட்டால் பிஸ்டலுக்கும் கை நீட்டாதீர்கள்.

படி 7: வாங்குவதற்கு முன் வாடகைக்குச் சுடுங்கள்

அமெரிக்காவில் உள்ள சுடுதளங்கள் பலவற்றில் பிஸ்டலை வாடகைக்குத் தருவார்கள், பயிற்றுநரும் இருப்பார். ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு கடதாசி, 7 மீற்றர் தூரம், 50 ரவை. அவசரப்படாமல் சுட்டு, கடதாசியைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மருமகனின் படம் போன கிழமை வந்தது. கிளொக் 17. ஓட்டைகள் எல்லாம் இடது கீழ் மூலையில் கூட்டமாக. "மாமா, பிஸ்டல் கோணலோ?" என்று கேட்டான். வலது கைக்காரர் சத்தத்துக்குப் பயந்து விசையை வெடுக்கென்று இழுத்தால் அங்கேதான் போகும். பிஸ்டல் இல்லை மனே, விரல் என்றேன். வாங்குவதைத் தள்ளிப்போட்டிருக்கிறான். அடுத்த மாதம் திரும்பவும் போகிறானாம். கொஞ்சம் கட்டையான கிளொக் 19ஐயும் சேர்த்து எடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். இந்த முறை மனைவியும் கூட வாறாளாம்.