குழந்தையின் கீழ்த்தாடை முறிவுக்கு அக்ரிலிக் கேப் ஸ்பிளிண்ட்

ஆறேழு வயதுக் குழந்தையின் கீழ்த்தாடையில் பால்பற்களுக்கு அடியிலேயே நிரந்தரப் பற்களின் மொட்டுகள் நெருக்கியடித்துக் கிடக்கும். முறிவைச் சேர்க்க உலோகப் பிளேட் வைத்து ஸ்க்ரூ முடுக்கினால், ஸ்க்ரூ மொட்டுக்குள் இறங்கிவிடலாம். ஆர்ச் பாரையும் (பல் வரிசையோடு கம்பியால் கட்டும் உலோகப் பட்டை) நம்ப முடியாது. பால்பல்லின் குட்டையான தலையில் கம்பிக்குப் பிடிமானம் கிடையாது. வேர் கரைந்த பல் கம்பியோடு பெயர்ந்து வந்துவிடும். முறிவு அதிகம் விலகாமல் பல் வரிசைக்குள் இருந்தால், கேப் ஸ்பிளிண்டை, அதாவது பல் வரிசையைக் கவ்வும் அக்ரிலிக் (கெட்டிப் பிளாஸ்டிக்) உறையை, தாடையைச் சுற்றிக் கம்பியால் கட்டுவதே பாதுகாப்பு.

பாதி வேலை லேபில்தான். அல்ஜினேட் எனும் அச்சுப் பசையில் மேல், கீழ் இரண்டு பல் வரிசைக்கும் அச்சு எடுத்து, பிளாஸ்டர் மாதிரி வார்த்துக்கொள்ளுங்கள். கீழ் மாதிரியை முறிவுக் கோட்டில் அறுத்து, மேல் மாதிரியோடு கடிப்புப் பொருந்தும்படி துண்டுகளைச் சேர்த்து ஒட்டுங்கள். பற்களின் தேய்மானத் தடங்கள் வழிகாட்டும். இங்கே செய்யும் பிழை அப்படியே வாய்க்குப் போகும் என்பதால் அவசரமே கூடாது. அண்டர்கட்களை (பல்லின் உள்வாங்கிய இடங்களை) மெழுகால் அடைத்து, சுமார் 2 மி.மீ. கனத்தில் அக்ரிலிக் போடுங்கள். பல்நுனிகள் தெரியும்படி மேல்பரப்பைத் திறந்து விட்டால் கடிப்பை நேரில் பார்க்கலாம். ஸ்பிளிண்டின் ஓரம் பல் ஈறுகளை அழுத்தக் கூடாது. கம்பி வழுக்காமலிருக்கச் சிறு பள்ளங்கள் வேண்டும்.

பொது மயக்கம், மூக்கு வழிச் சுவாசக் குழாய். முறிவைச் சேர்த்து ஸ்பிளிண்டை உட்காரவையுங்கள். ஆடினால் அழுத்தாதீர்கள், உட்புறம் தடுக்கும் இடத்தைத் தேயுங்கள். 26 கேஜ் ஸ்டீல் கம்பியை முன்பே இழுத்து நீட்டிவையுங்கள், இல்லாவிட்டால் பிறகு தளரும். தாடையின் கீழ்விளிம்புக்கு அடியில் தோலில் சிறு கீறல் போட்டு, முக ரத்தக்குழாயையும் மென்டல் நரம்பையும் (கீழுதடு, தாடை நுனிக்கு உணர்வு தரும் நரம்பு) தவிர்த்து, 'ஆல்' எனும் குத்தூசியை நாக்குப் பக்க எலும்பை ஒட்டியே மேலே கொண்டுவாருங்கள். கம்பியைக் கோத்து, ஊசியைக் கீழ்விளிம்புவரை மட்டும் இறக்குங்கள். தோலை விட்டு வெளியே எடுக்காமல் விளிம்பைச் சுற்றித் திருப்பி, கன்னப் பக்கமாக ஏற்றுங்கள். பிறகு இரு முனையையும் பிடித்து மெல்ல அறுப்பதுபோல் அசைத்தால் கம்பி எலும்பில் உட்காரும். தோலில் குழி விழுந்தால் நடுவே தசை சிக்கியிருக்கிறது என்று பொருள்; அப்படியே முறுக்கினால் சில நாளில் கட்டு தளரும். குழந்தையின் எலும்பு மென்மையானது, அதிகம் அறுத்தால் கம்பி எலும்பையே வெட்டும்.

முறிவின் இருபுறமும் ஒவ்வொரு கம்பியாவது வேண்டும். ஒன்றை முழுதாக முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாமல் மாறி மாறி, கடிப்பைப் பார்த்தபடியே முடுக்குங்கள். மிகையாக இறுக்கவும் கூடாது.

மேல், கீழ்த் தாடைகளைச் சேர்த்து வாயைக் கட்ட வேண்டியதில்லை என்பது இம்முறையின் பெரிய நன்மை. காண்டைல் (தாடை மூட்டிலுள்ள எலும்பு முனை) முறிவும் சேர்ந்திருந்தால் மூட்டு இறுகிவிடாமலிருக்கச் சீக்கிரமே வாய் திறக்கும் பயிற்சி தரலாம். மென்உணவு, குளோர்ஹெக்சிடின் எனும் கிருமிநாசினியால் வாய்ச் சுத்தம்; ஸ்பிளிண்ட் 2 முதல் 3 வாரம் இருக்கட்டும். எடுக்கும்போது கம்பியைத் துடைத்து, ஒரு பக்கம் ஈறுகளை ஒட்டி நறுக்கி, மறுமுனையைப் பிடித்து இழுங்கள். நீளமாக விட்டு நறுக்கினால் வாயின் அழுக்கு திசுவுக்குள் போய்ச் சீழ்பிடிக்கும். முறிவுக் கோட்டிலுள்ள நிரந்தரப் பல் முளைக்கும்வரை அவ்வப்போது எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள்.