வாளை அப்புறம் வரையலாம்: ரோல்பிளே கேமுக்கு ஓர் இடைக்கால உலகம் அமைக்கும் முறை

ரோல்பிளே கேம் என்றால், மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கேரக்டராகப் பேசி, டைஸ் உருட்டிக் கதை நடத்தும் ஆட்டம். உலகத்தை அமைத்துக் கதையை நடத்துபவர்தான் கேம் மாஸ்டர். முதல் முறையாக நண்பர்களுக்குக் கேம் மாஸ்டராக உட்கார்ந்தபோது என்னிடம் ஒரு முழுக் கண்டத்தின் வரைபடம் இருந்தது. பதினான்கு அரசுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கொடி, ஒவ்வோர் அரசனுக்கும் பெயர் சூட்டிய வாள். ஆட்டம் தொடங்கிப் பத்தாவது நிமிடத்தில், வேடன் கேரக்டரை எடுத்திருந்த தோழி கேட்டாள்: "நான் இப்ப வீட்லதானே இருக்கேன்? வீடு எதால கட்டியிருக்கு? அம்மா எங்க படுத்திருக்காங்க?" என்னிடம் பதில் இல்லை. அவளுக்கு அந்த வேடன் ஓர் ஆளாகவே தோன்றவில்லை. இரண்டாம் வாரத்தோடு ஆட்டம் நின்றுபோனது.

அதன்பிறகு வரிசையைத் திருப்பிக்கொண்டேன். முதலில் நிலம், அதிலிருந்து வீடு, கடைசியில்தான் ஆயுதம். நிலம் எதைத் தருகிறதோ அதைக் கொண்டுதான் வீடு எழும். அந்த வீட்டுக்காரர் அன்றாடம் எதைக் கையில் பிடிக்கிறாரோ அதுதான் சண்டை வந்தால் ஆயுதம். தமிழ் படித்த நமக்கு இது பழக்கமான வழி. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வைத்து, மரம், விலங்கு, உணவு, தொழில் என்று கருப்பொருளை அடுக்கி, அதற்குப் பிறகே மனிதர்களின் மனத்துக்கு வரும் முறையைப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். அதே முறையில்தான் இங்கே இடைக்கால ஐரோப்பாவின் காட்டையும் சதுப்பையும் மேட்டையும் பார்க்கப் போகிறோம். ஒரு ஏ4 தாள், பென்சில், ஒரு மாலைப் பொழுது இருந்தால் போதும்.

படி 1: ஒரு பள்ளத்தாக்கு மட்டும் வரையுங்கள்

ஒரு செ.மீ.க்கு 2 கி.மீ. என்று அளவு வைத்தால், ஏ4 தாளில் ஏறக்குறைய 42 கி.மீ. அகலமும் 59 கி.மீ. நீளமும் உள்ள நாடு கிடைக்கும். நல்ல பாதையில் ஒருவர் நாளுக்கு 30 கி.மீ. நடப்பார், மாட்டு வண்டி அதில் பாதிதான் போகும். அப்படியென்றால் தாளின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு இரண்டு நாள் நடை. பல மாத ஆட்டத்துக்கு இது தாங்கும்.

மலையிலிருந்து கடலுக்கு ஓர் ஆறு வரையுங்கள். அது எங்கே ஆழமில்லாமல் ஓடுகிறதோ, அங்கே ஆட்கள் இறங்கிக் கடப்பார்கள். அந்த இடத்தில் ஊர் வரும். ஊர்களுக்கு இடையே எவ்வளவு தூரம் விடுவது என்று குழம்பினால், 13-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துச் சட்ட அறிஞர்கள் வைத்த கணக்கு ஒன்று உண்டு. ஒரு நாள் பயணம் 20 மைல் என்று வைத்து அதை மூன்று பங்காக்கினார்கள்: சந்தைக்குப் போக ஒன்று, வாங்கி விற்க ஒன்று, இருட்டுவதற்குள் வீடு திரும்ப ஒன்று. அதனால், இருக்கிற சந்தையிலிருந்து ஏறக்குறைய 11 கி.மீ.க்குள் இன்னொரு சந்தை போட்டால் பழைய சந்தைக்கு நட்டம் என்று கருதினார்கள். உங்கள் தாளில் அது ஐந்தரை செ.மீ. அந்த இடைவெளியில் இரண்டு மூன்று சந்தை ஊர்களைக் குறித்துவிட்டு நகருங்கள்.

படி 2: ஒவ்வொரு நிலத்திடமும் நான்கு கேள்வி

என்ன மரம்? என்ன விலங்கு? காலடியில் கல்லா, களிமண்ணா, சேறா? எது இல்லை?

நான்காவது கேள்விதான் உயிர். ஐஸ்லாந்தைப் பாருங்கள். 870-களை ஒட்டி நார்வேக்காரர்கள் அங்கே குடியேறினார்கள். இருந்த பிர்ச் காட்டை வெட்டினார்கள், ஆடுகள் மிச்சத்தை மேய்ந்தன. வீடு கட்ட மரம் அரிதானது. அதனால் புல்லோடு சேர்த்து மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டி, தடித்த சுவராக அடுக்கினார்கள். கடலில் மிதந்துவந்து கரை ஒதுங்கிய கட்டைகள் விட்டமாயின. அப்படியானால் கரை ஒதுங்கும் கட்டை யாருக்குச் சொந்தம் என்பதே அங்கே பெரிய வழக்கு. ஒரு மரக்கட்டைக்காக இரண்டு குடும்பம் பகையாகும் ஊரில், கதைக்கு நீங்கள் தனியாக மெனக்கெட வேண்டாம்.

நம் பள்ளத்தாக்கில் மூன்று நிலம் வைத்துக்கொள்வோம். ஆற்றின் முகத்தில் சதுப்பு, அதற்கு நாணற்கரை என்று பெயர். நடுவில் அடர்ந்த காடு, கரிக்காடு. மேலே மரமில்லாத புல்மேடு, மந்தைமேடு. நாணற்கரையில் மீனும் நாணலும் உண்டு, கல்லும் இரும்பும் இல்லை. கரிக்காட்டில் மரக்கரி உண்டு, விளைநிலம் இல்லை. மந்தைமேட்டில் ஆடும் இரும்புத் தாதும் உண்டு, அதை உருக்க விறகு இல்லை. இரும்பு வேண்டுமென்றால் மேட்டுத் தாதும் காட்டுக் கரியும் ஓரிடத்தில் சேர வேண்டும். இந்த ஒரு வரியை எழுதி முடித்த அன்றே எனக்கு மூன்று மாத ஆட்டம் கிடைத்தது.

படி 3: வீட்டுக்குள் போய் உட்காருங்கள்

புதிதாக ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் கோட்டைக்கு ஓடுவார்கள். குடிசைக்கு முதலில் போங்கள், ஆட்டக்காரர்களின் கேரக்டர்கள் பிறந்தது அங்கேதான்.

இடைக்கால வடமேற்கு ஐரோப்பாவின் சாதாரண வீட்டுச் சுவர், ஹேசல் என்ற சிறு மரத்தின் குச்சிகளைக் கூடை போலப் பின்னி, அதன்மேல் களிமண், வைக்கோல், சாணம் குழைத்துப் பூசியது. கூரை வேய்ந்தது. புகைபோக்கி கிடையாது. அடுப்பு வீட்டின் நடுவில், தரையில் எரியும். புகை மேலே எழும்பி கூரை வழியாகக் கசியும். சன்னலில் கண்ணாடி இல்லை, மரக் கதவு மட்டும்தான். குளிர்காலத்தில் அதை மூடினால் பகலிலும் இருட்டு. இதைக் கேம் மாஸ்டர் இரண்டு வாக்கியத்தில் சொன்னால் போதும், மேசையைச் சுற்றியிருப்பவர்கள் கண்ணைக் கசக்குவார்கள்.

மந்தைமேட்டுக்கு நான் இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டிலுள்ள நீள்வீடுகளை மாதிரியாக எடுத்தேன். கருங்கல் சுவர், ஒரே கூரை, ஒரு பக்கம் குடும்பம், மறு பக்கம் மாடு. தரை மாட்டுப் பக்கமாகச் சரிந்திருக்கும், கழிவு அப்படியே வெளியே வடிந்துவிடும். பனிக்காலத்தில் மாட்டின் உடற்சூடும் வீட்டுக்கு உதவும். என் தோழி கேட்ட கேள்விக்கு இப்போது பதில் உண்டு: அம்மா மேல் பக்கத்தில், அடுப்படியில் படுத்திருக்கிறாள். கன்று போடப்போகும் மாட்டின் மூச்சு அவளுக்குக் கேட்கிறது.

நாணற்கரையில் கால் நட்டு உயர்த்திய நாணல் வீடுகள். கரிக்காட்டில் கம்புகளைக் கூம்பாகச் சாய்த்துப் புல்மண் போர்த்திய குடில்கள். கரி சுடுபவர் மூட்டத்தை, அதாவது மண் மூடி மெல்ல எரியவிடும் விறகுக் குவியலை, இரவும் பகலும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஓர் ஓட்டை விழுந்து காற்று புகுந்தால் எல்லாம் சாம்பல். அதனால் அந்தக் காட்டில் நள்ளிரவில் எப்போது போனாலும் யாராவது ஒருவர் விழித்திருப்பார். பதுங்கிப் போக நினைக்கும் ஆட்டக்காரர்களுக்கு இது பெரிய செய்தி.

கோட்டை வேண்டுமென்றால் ஒன்று வையுங்கள், ஆனால் அதை ஆயிரம் வீரர்களால் நிரப்பாதீர்கள். வேல்ஸில் உள்ள ஹார்லெக் கோட்டை 1294-95 முற்றுகையை 37 பேரோடு தாக்குப்பிடித்தது. கடல் பக்கத்து வாசல் வழியாகப் படகில் உணவு வந்தது, அதுதான் காப்பாற்றியது. உங்கள் கோட்டைக்கும் தண்ணீர் எங்கிருந்து, சோறு எந்த வழியாக என்று முதலில் எழுதுங்கள். எதிரியும் அதைத்தான் முதலில் தேடுவான்.

படி 4: இப்போது ஆயுதம்

எடையைச் சரியாக வையுங்கள். ஒரு கையால் வீசும் வாள் பெரும்பாலும் ஒன்று முதல் ஒன்றரை கிலோவுக்குள் இருக்கும். முழு உடல் இரும்புக் கவசம் 20 முதல் 25 கிலோ. அந்த எடை உடம்பெங்கும் பரவியிருப்பதால் போட்டுக்கொண்டு ஓடலாம், குதிரையேறலாம். அப்புறம், எல்லார் இடுப்பிலும் வாள் தொங்க வேண்டாம். வாளுக்கு நல்ல இரும்பும் தேர்ந்த கொல்லரும் வேண்டும். ஒரு கம்பும் கொஞ்சம் இரும்பும் இருந்தால் ஈட்டி தயார். அதனால்தான் போர்க்களங்களில் ஈட்டியே அதிகம்.

பிறகு, வீட்டில் இருக்கும் கருவியைப் பாருங்கள். 1420-களில் போஹேமியாவின் (இன்றைய செக் நாடு) ஹுசைட் என்ற சமயச் சீர்திருத்தக் கூட்டத்துக் குடியானவர்கள் கதிரடிக்கும் கோலில் இரும்பு முள் பதித்துக்கொண்டு போருக்குப் போனார்கள். பார வண்டிகளை வரிசையாக நிறுத்தி, சங்கிலியால் பிணைத்து, அதையே கோட்டையாக்கினார்கள். அவர்களின் தளபதி யான் ஜிஷ்கா நடத்திய அந்த வண்டிக் கோட்டைகளுக்கு முன் எதிரிகளின் குதிரைப் படைகள் திரும்பத் திரும்பத் தோற்றன. ஃபிளாண்டர்ஸின் (இன்றைய பெல்ஜியம்) கோர்ட்ரெய்க் நகருக்கு வெளியே 1302 ஜூலை 11-இல், நெசவாளர்களும் மற்றத் தொழிலாளர்களும் நிறைந்த கால்படை பிரெஞ்சுக் குதிரை வீரர்களை வீழ்த்தியது. கையில் நுனியில் இரும்பு முனை பதித்த தடித்த தடி, எதிரே ஓடையும் ஈர மண்ணும். வென்றதில் பாதிப் பங்கு அந்த நிலத்துக்கு உண்டு.

வில்லைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், எனக்கு மிகப் பிடித்த ஆயுதம் அது. ஆங்கிலேயரின் நெடுவில்லுக்கு யூ என்ற ஊசியிலை மரம்தான் உயர்ந்தது. அதன் வெளிப்புற வெள்ளை மரம் இழுவையைத் தாங்கும், உள்மரம் அழுத்தத்தைத் தாங்கும். ஒரே கட்டையில் இரண்டும் கிடைக்கிறது. 1545-இல் மூழ்கி 1982-இல் வெளியே எடுக்கப்பட்ட மேரி ரோஸ் கப்பலில் அப்படிப்பட்ட விற்கள் நூற்றுக்கு மேல் கிடைத்தன, நீளம் ஏறக்குறைய 2 மீட்டர். பலவற்றை முழுதாக இழுக்க 45 கிலோவுக்கும் மேற்பட்ட விசை வேண்டும். சிறுவயதிலிருந்து பழகினால்தான் உடம்பு இணங்கும். அதனால் 1363-இல் மூன்றாம் எட்வர்ட், விடுமுறை நாட்களில் உடல் வலுவுள்ள ஆண்கள் எல்லாரும் வில் பழக வேண்டும் என்று ஆணையிட்டார். உள்ளூர் யூ மரம் போதவில்லை. 1472-இல், சரக்கோடு வரும் வணிகக் கப்பல்கள் வில்லுக்கான கட்டைகளையும் கொண்டுவர வேண்டும் என்று சட்டமே வந்தது. ஒரு வில்லுக்குப் பின்னால் காடு, துறைமுகம், அரசாணை எல்லாம் நிற்கின்றன.

புல்வெளிக் குதிரைக்காரர்களின் வில் வேறு. மரம், கொம்பு, தசைநார் மூன்றையும் விலங்குப் பசையால் ஒட்டியது. சிறியது, குதிரை மேலிருந்து எய்யலாம். ஆனால் தொடர்ந்து ஈரம் பட்டால் பசை இளகும். உங்கள் உலகில் அப்படி ஒரு கூட்டம் இருந்தால், மழைக்காலத்தை வரைபடத்தின் ஓரத்தில் குறித்து வையுங்கள்.

நம் மூன்று நிலத்துக்கு ஆயுதம் இப்போது தானாக வரும். நாணற்கரையில் விலாங்கு குத்தும் முள்ளீட்டியும் வலையும். கரிக்காட்டில் கோடரியும் வில்லும். மந்தைமேட்டில் கவணும் நீண்ட தடியும்.

படி 5: மாயம் ஒன்றே ஒன்று

ஒரு மாயத்தை மட்டும் சேர்த்து, அதை முந்தைய எல்லாப் படியிலும் ஓட்டிப் பாருங்கள். டிராகன் வைக்கிறீர்களா? சரி, அப்படியானால் அந்த ஊரில் வேய்ந்த கூரை இருக்காது. கல் பலகையோ புல்மண்ணோதான். மந்தையை வெட்டவெளியில் மேய்க்க முடியாது. கரி மூட்டத்தின் புகையைப் பார்த்து டிராகன் வருமா, பயந்து விலகுமா? இதற்கு நீங்கள் சொல்லும் பதில் கரிக்காட்டின் தலையெழுத்தையே மாற்றிவிடும்.

படி 6: பிறந்த நிலத்தைக் கேரக்டருக்குக் கொடுங்கள்

ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு சிறு அட்டை எழுதி ஆட்டக்காரர் கையில் கொடுங்கள். என்ன சாப்பிட்டு வளர்ந்தார், எதற்குப் பயப்படுவார், வரியை எதில் கட்டுவார், பக்கத்து நிலத்தாரை என்ன சொல்லித் திட்டுவார். இவ்வளவு போதும். வரி என்றதும் பொற்காசு என்று எழுதிவிடாதீர்கள். 1086-இல் இங்கிலாந்தில் எடுத்த நிலக் கணக்கில் விலாங்கு மீனாகக் கட்டிய வரிகள் பல பதிவாகியிருக்கின்றன. என் நாணற்கரை மக்களும் அப்படித்தான் கட்டுகிறார்கள். ஆற்றில் மீன் குறைந்த வருடம் அவர்கள் கடனாளி. மீன் ஏன் குறைந்தது? மேட்டில் தாது கழுவிய நீர் ஆற்றில் இறங்கியதால். அதைக் கழுவியது யார் என்று தேடித்தான் என் ஆட்டக்காரர்கள் ஆற்றோரமாக மேலே நடக்கத் தொடங்கினார்கள்.

முதல் நாள் ஆட்டத்துக்கு எதிரிகளையோ போரையோ தயார் செய்ய வேண்டாம். ஒரு வீடு, அடுப்பைச் சுற்றி நான்கு பேர், வெளியே மழை. வரி வசூலிக்க வந்தவர் கதவைத் தட்டுகிறார். கூடையில் ஒரு விலாங்குகூட இல்லை. "என்ன சொல்லப் போறீங்க?" என்று கேட்டுவிட்டு, டைஸை அவர்கள் பக்கம் தள்ளுங்கள்.