பழைய கல்லூரி டீன் ஒருவரைப் பற்றி எழுதுவது எப்படி: லூசி ஸ்லோவை வைத்து ஒரு பாடம்

ஆரம்பகால டீன் ஒருவரைப் பற்றிக் கட்டுரை கேட்டால் பிறந்த ஊர், வாங்கிய பட்டம், வகித்த பதவி, கடைசியில் "கல்விக்கே தன்னை அர்ப்பணித்தார்" என்று ஒரு வரி, அவ்வளவுதான் எழுதுகிறோம். படித்து முடித்த கையோடு மறந்துபோகும். பதவிப் பட்டியலை ஓரமாக வையுங்கள். அவர் நிர்வாகத்தோடு எதற்காக மல்லுக்கட்டினார் என்று தேடுங்கள், ஆள் தானாகவே வெளியே வருவார்.

வாஷிங்டனில் உள்ள ஹோவர்ட் பல்கலைக்கழகத்தின் முதல் மகளிர் டீன் லூசி டிக்ஸ் ஸ்லோவை எடுத்துக்கொள்வோம். கறுப்பின மாணவர்களின் முக்கியமான பல்கலைக்கழகம் அது. 1904-ல் அங்கே மாணவியாகச் சேர்ந்தார், 1908-ல் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா என்ற மாணவியர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர், 1915-ல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. பிறந்த ஆண்டு சில இடங்களில் 1883, சில இடங்களில் 1885 என்று இருக்கும். இப்படி முரண்பட்டால் ஒன்றைப் பொறுக்கி எடுத்துப் போடாமல் இரண்டையும் சொல்லிவிடுங்கள்.

அடுத்து, அந்தக் காலத்தில் அந்த வேலை என்னவாக இருந்தது என்று விளக்குங்கள், இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். மகளிர் டீன் என்றால் பெண்கள் எத்தனை மணிக்கு விடுதி திரும்புகிறார்கள், யாரோடு பேசுகிறார்கள் என்று கண்காணிக்கும் வார்டன் என்றுதான் பலர் நினைத்தார்கள். 1922-ல் பதவி ஏற்கும்போதே ஸ்லோ நிபந்தனைகள் வைத்தார்: பேராசிரியர் அந்தஸ்து வேண்டும், பெண்கள் தொடர்பான முடிவுகளில் அதிகாரம் வேண்டும். மாணவிகளை வளர்ந்தவர்களாக நடத்த வேண்டும், குடும்பத்துக்கு வெளியேயும் தலைமை தாங்கப் பழக்க வேண்டும் என்பது அவர் வாதம். 1931-ல் பெண்களுக்கென்று புது விடுதிகள் திறந்ததில் அவருடைய உழைப்பு பெரியது.

அப்புறம் சண்டைக்கு வாருங்கள். கட்டுரையில் பாதி இடம் இதற்குக் கொடுத்தாலும் தப்பில்லை. 1926-ல் மோர்டெகாய் ஜான்சன் தலைவரானார், ஹோவர்டின் முதல் கறுப்பினத் தலைவர் அவர், ஆனால் ஸ்லோவோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை. டீன்களின் கூட்டங்களுக்கு ஸ்லோவை அழைப்பது நின்றது, சம்பள விஷயத்திலும் மற்ற டீன்களுக்குச் சமமாக நடத்தவில்லை, கடைசியில் 1933-ல் சொந்த வீட்டை விட்டு வளாகத்துக்குள் குடிவர வேண்டும் என்ற உத்தரவும் வந்தது. ஆண் டீன்களுக்கு அப்படி ஒரு உத்தரவு இல்லையே என்றார் ஸ்லோ. முன்னாள் மாணவிகள் அவருக்காகக் கடிதம் எழுதினார்கள். இங்கே ஒரு எச்சரிக்கை: எதிராளியை வில்லனாக்காதீர்கள். ஜான்சன் ஹோவர்டுக்குச் செய்த பெரிய காரியங்களும் உண்டு, அதையும் ஒரு வரியில் சொன்னால்தான் உங்கள் கட்டுரையை நம்புவார்கள்.

ஆதாரத்துக்கு அலைய வேண்டாம். அவருடைய கடிதங்களும் கோப்புகளும் ஹோவர்டிலேயே மூர்லாண்ட்-ஸ்பிங்கார்ன் ஆய்வு மையத்தில் இருக்கின்றன. மற்ற டீன்களுக்கும் இப்படிக் கல்லூரி ஆவணக் காப்பகம்தான் முதல் வாசல். விழா மலரில் புகழ்ச்சிதான் இருக்கும், கோபம் கடிதத்தில்தான் இருக்கும்.

பொருந்தாததுபோல் தெரியும் தகவல்களை வெட்டிவிடாதீர்கள். 1917-ல் கறுப்பினத்தவரின் அமெரிக்க டென்னிஸ் சங்கம் பால்டிமோரில் நடத்திய தேசியப் போட்டியில் ஸ்லோ பட்டம் வென்றார். தேசியப் பட்டம் வென்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண் அவர்தான். டீன் வேலைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார்கள், கேட்கட்டும்.

என்ன விட்டுச் சென்றார் என்று எழுதும்போது "வழிகாட்டினார்" என்று பொதுவாக எழுதாமல், என்ன தொடங்கினார், எது மிஞ்சியது என்று குறிப்பாகக் காட்டுங்கள். கறுப்பினக் கல்லூரிகளின் மகளிர் டீன்களுக்காக 1929-ல் அவர் ஒரு சங்கம் தொடங்கினார். 1937-ல் அவர் இறந்தார், பின்னால் ஒரு விடுதிக்கு அவர் பெயர் வைத்தார்கள். வளாகத்துக்கு வர மறுத்து அவர் காப்பாற்றிக்கொண்ட கெர்னி தெரு வீடு இன்னமும் நிற்கிறது. அங்கே அவரோடு நாடக ஆசிரியை மேரி பரில் நெடுங்காலம் வாழ்ந்தார், வரலாற்றுச் சின்னப் பட்டியலில் இருவர் பெயரிலும்தான் அந்த வீடு இருக்கிறது. அதனால் உங்கள் கட்டுரையில் வீடு வந்தால் பரிலும் வர வேண்டும்.