பார்க்கிங்கில் ‘அபராதம்’ கேட்டால்

போன வாரம் மாசி வீதிப் பக்கம் துணி எடுத்துவிட்டுத் திரும்பினால், தனியார் பார்க்கிங் ஆள் ‘அபராதம் 200’ என்று சீட்டை நீட்டுகிறார். மோட்டார் வாகனச் சட்டப்படி அபராதம் போட போலீசுக்கும் ஆர்டிஓவுக்கும்தான் அதிகாரம். தனியார் கேட்பது வெறும் கட்டணம்தான், பயப்படாதீர்கள்.

முதலில் கட்டணப் பலகையைப் போட்டோ எடுங்கள். அப்புறம் சீட்டின் இரண்டு பக்கமும். நேரம் அச்சாகியிருக்கும் மூலை தெளிவாக விழட்டும். அந்த மை சீக்கிரமே வெளுத்துவிடும். வண்டியை விட மறுத்துக் கட்ட வேண்டி வந்தால், ஜிபேயில் கட்டி ரசீது வாங்குங்கள். ரொக்கமாகக் கொடுத்தால் சாட்சி கிடையாது.

பிறகு 1915க்கு அழையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசலாம். தீரவில்லையா, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம்; இவ்வளவு சிறிய தொகைக்கு மனுக் கட்டணமே இல்லை.